படகு இயந்திரக் கியர் பெட்டி எண்ணெயில் நீர்க்கலப்பைக் கண்டறிதல்

படகு இயந்திரத்தின் கியர் பெட்டியில் உள்ள எண்ணெயில் கடல்நீரோ மழைநீரோ குளிர்விப்பு நீரோ கலந்துள்ளதா, கலந்திருந்தால் அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை ஆராய்ந்து அறிவதே நீர்க்கலப்பைக் கண்டறிதல் ஆகும். இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். எண்ணெய் பால் போல வெளுத்திருப்பது முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும். நீர் வந்த வழியை அறியாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால், புதிய எண்ணெயும் சில நாள்களில் அதே நிலையை அடையும். அதற்குள் பேரிங்குகளும் பற்சக்கரங்களும் துருப்பிடித்துவிடும். கியர் பெட்டி செயலிழந்தால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் படகு நகராது. கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள படகுக்கு இது உயிர் ஆபத்தாகலாம். பாக்கு நீரிணை போன்ற பகுதிகளில் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும் படகு கடல் எல்லையைத் தாண்டிவிடவும் கூடும்.

கியர் பெட்டியும் எண்ணெயின் பணியும்

கியர் பெட்டி இயந்திரத்தின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டு சேர்க்கிறது. முன்னோக்கிச் செல்லுதல், பின்னோக்கிச் செல்லுதல், நடுநிலை ஆகிய மூன்று நிலைகளையும் தருகிறது. இயந்திரத்தின் வேகமான சுழற்சியைக் குறைத்துப் புரொப்பல்லருக்கு ஏற்ற வேகமாக மாற்றுவதும் இதன் பணியே.

மீன்பிடிப் படகுகளில் இரண்டு வகை அமைப்புகள் பரவலாக உள்ளன.

வெளிப்பொருத்து இயந்திரம்: கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறத்தில் மாட்டப்படுவது. இதன் கியர் பெட்டி இயந்திரத்தின் கால் பகுதியில், நீருக்குள் மூழ்கிய நிலையில் வேலை செய்கிறது. இதில் பொதுவாக எஸ்.ஏ.ஈ. 90 வகைக் கியர் எண்ணெய் ஊற்றப்படுகிறது. சிறிய இயந்திரங்களில் இதன் கொள்ளளவு அரை லிட்டருக்கும் குறைவு.

உள்பொருத்து இயந்திரம்: விசைப்படகுகளின் உள்ளே அமைக்கப்படும் டீசல் இயந்திரம். இதன் கியர் பெட்டி இயந்திரத்தின் பின்புறத்தில், படகுக்குள்ளேயே இருக்கிறது. மாதிரியைப் பொறுத்து இதில் இயந்திர எண்ணெயோ, சிவப்பு நிறமுள்ள தானியங்கிக் கியர் எண்ணெயோ பயன்படுகிறது. பெரும்பாலானவற்றில் எண்ணெயின் சூட்டைத் தணிக்க ஆயில் கூலர் என்னும் உறுப்பு உண்டு.

எண்ணெய் பற்களுக்கு இடையில் மெல்லிய படலமாக நின்று உலோகம் உலோகத்தோடு உரசாமல் காக்கிறது. சூட்டை வெளியே கொண்டுசெல்கிறது. காற்றும் ஈரமும் உலோகத்தைத் தொடாமல் தடுக்கிறது. நீர் கலந்தால் இந்த மூன்று பணிகளும் கெடுகின்றன.

எண்ணெயில் நீர் இருக்கும் மூன்று நிலைகள்

எண்ணெயும் நீரும் கலக்காது என்று பள்ளியில் படிக்கிறோம். அது பெருமளவு உண்மை என்றாலும் முழு உண்மை அன்று. கியர் பெட்டிக்குள் நீர் மூன்று நிலைகளில் காணப்படும்.

1. கரைந்த நீர்: மிகச் சிறிதளவு நீர் எண்ணெயில் கரைந்தே இருக்கும். அப்போது எண்ணெய் தெளிவாகவே தோன்றும். கண்ணால் பார்த்து இதை அறிய இயலாது. எண்ணெய் சூடாக இருக்கும்போது கூடுதலான நீரைக் கரைத்து வைத்திருக்கும். ஆறியதும் அந்த நீரில் ஒரு பகுதி பிரிந்துவிடும்.

2. பால்ம நீர்: கரையும் அளவுக்கு மேற்பட்ட நீரைப் பற்சக்கரங்கள் கடைந்து நுண்துளிகளாக்குகின்றன. மத்தால் மோரைக் கடைவது போன்றதே இது. இந்த நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் எண்ணெய் வெளுத்துப் பால் கலந்த காப்பியின் நிறத்தை அடைகிறது. சிவப்பு எண்ணெய் வெளிர் ரோஜா நிறமாகிறது.

3. தனித்த நீர்: இயந்திரம் நின்ற பின் சில மணி நேரத்தில் பெரிய துளிகள் ஒன்றுசேர்ந்து அடியில் தங்கும். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1.025 கிலோகிராம். அதே அளவு கியர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 0.9 கிலோகிராம். எனவே நீர் எப்போதும் கீழே இருக்கும்.

இந்த மூன்றையும் நினைவில் கொண்டால் பின்வரும் சோதனைகள் ஒவ்வொன்றும் எதைக் கண்டுபிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பது விளங்கும். கடலிலிருந்து வந்தவுடன் பார்த்தால் பால்மம் தெரியும். மறுநாள் காலை அளவுக் கம்பியைப் பார்த்தால் மேலே தெளிந்த எண்ணெய் இருக்கும், நீர் அடியில் ஒளிந்திருக்கும். இதனால் "நேற்று வெளுத்திருந்தது, இன்று சரியாகிவிட்டது" என்று எண்ணிவிட இடமுண்டு.

நீர் விளைவிக்கும் கேடு

- எண்ணெய்ப் படலம் வலுவிழக்கிறது. பற்கள் அழுந்தும் இடத்தில் நீர்த்துளி அகப்பட்டால் அங்கே உலோகங்கள் நேரடியாக உரசுகின்றன.
- இயந்திரம் நிற்கும்போது பேரிங் உருளைகளின் கீழ் நீர் தங்கித் துருப் புள்ளிகளை உண்டாக்குகிறது. கடல்நீரில் உள்ள உப்பு இதை விரைவுபடுத்துகிறது. அந்தப் புள்ளிகளே பின்னர் குழிகளாகிப் பேரிங் இரைச்சலிடத் தொடங்குகிறது.
- கிளட்ச் தகடுகள் உள்ள கியர் பெட்டியில், தகட்டின் மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள் ஈரத்தை உறிஞ்சி உரியத் தொடங்கும். கியர் வழுக்குவது இதன் அறிகுறி.
- எண்ணெயில் சேர்க்கப்பட்ட துருத்தடுப்பு, தேய்மானத் தடுப்பு வேதிப்பொருள்களின் ஆற்றல் குறைகிறது. எண்ணெய் நுரைத்து, அடியில் சேறு படிகிறது.

அளவு சிறியது என்று இதை ஒதுக்க முடியாது. 300 மில்லிலிட்டர் எண்ணெய் கொள்ளும் சிறிய வெளிப்பொருத்து இயந்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலிட்டர் நீர் புகுந்தால், அது எண்ணெயின் அளவில் 5 விழுக்காடு. எண்ணெய் வெளுத்துத் தோன்றுவதற்கு இதைவிட மிகக் குறைந்த நீரே போதும்.

நீர் நுழையும் வழிகள்

வெளிப்பொருத்து இயந்திரத்தில்

அ) புரொப்பல்லர் தண்டின் ஆயில் சீல். இதுவே பெரும்பாலும் முதலில் பழுதாவது. கடலில் மிதக்கும் தங்கூசி நூலும் வலைத்துண்டும் புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொள்கின்றன. இறுகிய நூல் சீலின் உதட்டை அறுத்து, தண்டிலும் பள்ளம் உண்டாக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆ) கீழ்த் திருகு, மேல் திருகு ஆகியவற்றின் வாசர்கள். எண்ணெய் மாற்றும்போது நசுங்கிய பழைய வாசரையே மீண்டும் போடுவது நீர்க்கலப்புக்கு மிக எளிய காரணம். சரிசெய்யவும் மிக எளியது.

இ) நீர்ப் பம்புக்குக் கீழே, இயந்திரத்திலிருந்து வரும் செங்குத்துத் தண்டைச் சுற்றியுள்ள சீல்கள்.

ஈ) கியர் மாற்றும் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் உள்ள சீல்.

உ) தண்டின் பேரிங் கூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்.

ஊ) மணல்மேட்டிலோ பாறையிலோ மோதியதால் கூட்டில் ஏற்பட்ட விரிசல், அல்லது அரிப்பினால் ஏற்பட்ட துளை.

இங்கே ஒரு இயற்பியல் செய்தி கவனிக்கத்தக்கது. ஓடும்போது கியர் பெட்டி சூடேறி உள்ளிருக்கும் எண்ணெயும் காற்றும் விரிகின்றன. தேய்ந்த சீல் வழியாகச் சிறிது காற்றோ எண்ணெயோ வெளியேறுகிறது. இயந்திரத்தை நிறுத்தியதும் சுற்றியுள்ள கடல்நீர் பெட்டியைக் குளிர்விக்கிறது. 60 பாகை செல்சியசில் அடைபட்ட காற்று 28 பாகைக்குக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறையழுத்தம் வெளியிலுள்ள நீரை உள்ளே இழுக்கிறது. எனவே நீர் பெரும்பாலும் ஓடும்போது அல்லாமல், ஓடி நின்ற பிறகு புகுகிறது. குறுகிய தொலைவு ஓடி அடிக்கடி நிறுத்தும் படகில் இது பலமுறை நிகழும்.

உள்பொருத்து இயந்திரத்தில்

அ) ஆயில் கூலரின் உட்குழாய்கள். கடல்நீர் ஒருபுறமும் எண்ணெய் மறுபுறமும் ஓடும் இந்த உறுப்பில், குழாய் அரித்துத் துளை விழுந்தால் இரண்டும் கலக்கும்.

ஆ) படகின் அடிப்பகுதியில் தேங்கும் நீர். அது கியர் பெட்டியின் பின்புறத் தண்டு சீல் வரை உயர்ந்தால் உள்ளே கசியும். பின்பக்கக் குழாய்ப் பொதியிலிருந்து ஒழுகும் நீரைச் சுழலும் தண்டு வாரி அடிப்பதும் உண்டு.

இ) அளவுக் கம்பியின் மூடி, காற்றுப் போக்கி ஆகியவற்றின் வழியாக வரும் மழைநீரும் கழுவும் நீரும்.

ஈ) ஈரக்காற்று குளிர்ந்து பெட்டியின் உட்சுவரில் படியும் துளிகள். நெடுநாள் ஓடாத படகில் இது நிகழும். ஆனால் இது துளித்துளியாகச் சேர்வது. சில நாள்களில் எண்ணெய் முழுவதும் வெளுக்கும் அளவுக்கு இதனால் நீர் சேராது. எனவே விரைவாக வெளுத்த எண்ணெய்க்கு ஈரக்காற்றைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

நீர் கலந்துள்ளதா என அறியும் சோதனைகள்

எளியதிலிருந்து தொடங்கி வரிசையாகச் செய்வது நல்லது.

1. அளவு பார்த்தல். யாரும் எண்ணெய் ஊற்றாதபோது அளவு கூடியிருந்தால் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். உள்பொருத்து இயந்திரத்தில் இது முதல் அறிகுறி. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக, கையேடு சொல்லும் நிலையில் அளக்க வேண்டும். ஓடி நின்றவுடன் ஒருநாளும், இரவு முழுதும் நின்ற பின் மறுநாளும் அளந்தால் வேறுபாடு இயல்பாகவே இருக்கும்.

2. அடித்துளி பார்த்தல். இயந்திரத்தை ஓட்டாமல் ஓர் இரவு முழுவதும் நிறுத்தி வைக்க வேண்டும். வெளிப்பொருத்து இயந்திரமாயின் அது செங்குத்தாக நிற்க வேண்டும். கரையேற்றிய படகில் சாய்த்துத் தூக்கி வைத்த நிலையில் நீர் வேறு மூலையில் தங்கிவிடும், சோதனை ஏமாற்றும். காலையில் மேல் திருகைத் திறக்காமல், கீழ்த் திருகை மட்டும் மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் சில கரண்டி திரவத்தைக் கண்ணாடிக் குவளையில் பிடிக்க வேண்டும். நீர் இருந்தால் அதுவே முதலில் வரும். மேல் திருகு மூடியிருப்பதால் எண்ணெய் மெதுவாகவே வடியும். சோதனை முடிந்ததும் கீழ்த் திருகைப் புதிய வாசருடன் இறுக்கிவிடலாம். உள்பொருத்துக் கியர் பெட்டியில் வடிதிருகுக்குக் கை எட்டாவிட்டால், மெல்லிய குழாயை அடிவரை விட்டுக் கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கலாம். மேற்பகுதியிலிருந்து எடுத்த மாதிரி பயன்படாது.

3. சீசாச் சோதனை. ஓடி நின்றவுடன் எடுத்த எண்ணெயை ஒரு தெளிந்த கண்ணாடிச் சீசாவிலும், அதே வகைப் புதிய எண்ணெயை மற்றொரு சீசாவிலும் ஊற்றி மூடி, அருகருகே அசையாமல் 24 மணி நேரம் வைக்க வேண்டும். பழைய எண்ணெய் சில மணி நேரத்தில் மேலிருந்து தெளிந்து, அடியில் எதுவும் பிரியாவிட்டால் அது வெறும் காற்று நுரையாக இருக்கலாம். வெளுப்பு நீடித்தாலோ, அடியில் தனி அடுக்கு பிரிந்தாலோ அது நீர். சில எண்ணெய்கள் நீரைப் பிரியவிடாமல் பால்மமாகவே வைத்திருக்கும்படி தயாரிக்கப்படுகின்றன. ஆகவே அடுக்கு பிரியாதது மட்டுமே நீர் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

4. சூட்டுத் தட்டுச் சோதனை. 150 முதல் 160 பாகை செல்சியசு வரை சூடாக்கிய உலோகத் தட்டின் மீது ஒரு துளி எண்ணெயை விடுவது. எண்ணெயில் உள்ள நீர் உடனே ஆவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவதால் குமிழிகள் எழும்பும், படபடவென வெடிக்கும். குமிழியே இல்லையெனில் தனித்த நீரோ பால்ம நீரோ குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. நுண்குமிழிகள் தோன்றி மறைந்தால் ஏறத்தாழ 0.1 விழுக்காட்டை ஒட்டிய நீர் இருக்கலாம். காதில் கேட்கும்படி வெடித்தால் அதற்கு மேற்பட்ட நீர் உண்டு. பக்கத்திலேயே புதிய எண்ணெயின் துளியையும் விட்டு ஒப்பிட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளிக்கு மேல் விடக்கூடாது. திறந்த வெளியில் செய்ய வேண்டும், படகுக்குள் செய்யக்கூடாது. இதற்குப் பயன்படுத்திய தட்டில் பிறகு சமைக்கக் கூடாது.

5. ஆய்வகச் சோதனை. எண்ணெயில் உள்ள நீரை, கரைந்த நீர் உட்படத் துல்லியமாக அளக்கக் கார்ல் பிஷர் முறை பயன்படுகிறது. செருமானிய வேதியியலாளர் கார்ல் பிஷர் 1935 இல் வெளியிட்ட இம்முறை பத்து இலட்சத்தில் சில பங்கு நீரையும் காட்டவல்லது. பெரிய விசைப்படகுகளுக்கும் கப்பல்களுக்கும் இது பயனுள்ளது. சிறு படகுகளுக்கு முதல் நான்கு சோதனைகளே பெரும்பாலும் போதும்.

6. வடிதிருகைப் பார்த்தல். பல கியர் பெட்டிகளில் திருகின் முனையில் காந்தம் இருக்கும். அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். செந்துரு நிறச் சேறு இருந்தால் நீர் நெடுநாளாக உள்ளே இருந்திருக்கிறது. ஊசிபோன்ற துணுக்குகளோ செதில்களோ இருந்தால் சீலை மட்டும் மாற்றி ஓட்டக் கூடாது, பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்த நீர் என்று அறிதல்

அடியில் பிரிந்த நீரைத் தனியே எடுத்துச் சோதித்தால் அது வந்த வழி பாதி தெரிந்துவிடும்.

பழைய எஃகுக் கரண்டியில் சிறிது நீரை வற்றக் காய்ச்சினால், கடல்நீராயின் வெண்ணிற உப்பு தடிப்பாகப் படியும். மழைநீரோ படிந்த ஈரமோ ஆயின் ஏறத்தாழ எதுவும் படியாது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உள்ள சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு துளி சேர்த்தால், குளோரைடு உள்ள நீரில் சில்வர் குளோரைடு என்னும் வெண்ணிற வீழ்படிவு தயிர்போல் திரளும். கிணற்று நீரிலும் சிறிது குளோரைடு உண்டு என்பதால் மெல்லிய கலங்கலை மட்டும் கொண்டு முடிவு செய்யக் கூடாது. வாலைவடிநீரிலும் கடல்நீரிலும் அதே சோதனையைச் செய்து மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

நீர் பச்சையாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருந்து வழவழப்பாகத் தோன்றினால், அது இயந்திரத்தின் குளிர்விப்பு நீர்மமாக இருக்கலாம். அப்படியாயின் குளிர்விப்பு நீர்மம் ஓடும் கூலரைத்தான் ஐயப்பட வேண்டும். எந்த நீரையும் நாவில் வைத்துச் சுவைத்துப் பார்க்கக் கூடாது. குளிர்விப்பு நீர்மத்தில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுப்பொருள்.

எங்கிருந்து வந்தது என்று அறிதல்

நேரத்தைக் குறித்தல்

செலவே இல்லாத சோதனை இது. ஒரு குறிப்பேட்டில் படகு கிளம்பும் முன்னும், வந்த பின்னும், மறுநாள் காலையும் எண்ணெய் அளவையும் நிறத்தையும் எழுதி வர வேண்டும். ஒரு வாரத்தில் ஓர் ஒழுங்கு புலப்படும்.

- ஓடும்போது அளவு குறைந்து, நிற்கும்போது அளவு கூடினால் ஆயில் கூலரை ஐயப்படலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கியர் பெட்டியில், ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கடல்நீரின் அழுத்தத்தைவிடக் கூடுதல். ஆதலால் துளை வழியே எண்ணெய் நீருக்குள் செல்லும், புகைக்குழாய் வழியே வெளியேறும் நீரில் எண்ணெய்ப் படலம் மின்னும். நின்ற பிறகு எண்ணெயின் அழுத்தம் இல்லாததால் தேங்கிய நீர் எண்ணெய்ப் பக்கம் கசியும்.
- படகின் அடியில் நீர் தேங்கிய நாள்களில் மட்டும் வெளுத்தால் பின்புறத் தண்டு சீலையும் காற்றுப் போக்கியையும் பார்க்க வேண்டும்.
- பெருமழைக்குப் பின் மட்டும் வெளுத்தால் மேல் மூடியைப் பார்க்க வேண்டும்.
- வெளிப்பொருத்து இயந்திரத்தில் எண்ணெய் மாற்றிய உடனேயே வெளுத்தால் திருகு வாசர்களை முதலில் மாற்ற வேண்டும். சில வாரங்கள் கழித்து மெல்ல வெளுத்தால் சீல் தேய்மானம் என ஐயப்படலாம்.

அழுத்தச் சோதனை

வெளிப்பொருத்து இயந்திரத்தின் கியர் பெட்டியை முழுவதும் வடித்த பின், திருகுத் துளை ஒன்றை மூடி, மற்றொன்றில் அழுத்தமானியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்திக் காற்றடைக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதை அந்த இயந்திரத்தின் கையேடே சொல்லும். பல மாதிரிகளில் இது 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடைக்கும் கம்பிரசரை நேரடியாக இணைத்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

அழுத்தம் சில நிமிடங்கள் இறங்காமல் நிற்க வேண்டும். அந்நேரத்தில் புரொப்பல்லர் தண்டையும் செங்குத்துத் தண்டையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கியர்க் கம்பியையும் அசைக்க வேண்டும். நிலையாக இருக்கும்போது கசியாத சீல் சுழலும்போது கசிவதுண்டு. முள் இறங்கினால் எல்லா இணைப்புகளிலும் சோப்புக் கரைசலைத் தடவினால் குமிழி வரும் இடமே கசிவிடம்.

இதன் பிறகு குறையழுத்தச் சோதனையும் செய்வது முறை. ஆயில் சீலின் உதடு ஒருபக்க அழுத்தத்தைத் தாங்குமாறு அமைந்தது. புரொப்பல்லர் தண்டில் பெரும்பாலும் இரண்டு சீல்கள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி இருக்கும். உட்புறம் நோக்கியது எண்ணெயை வெளியே விடாது, வெளிப்புறம் நோக்கியது நீரை உள்ளே விடாது. காற்றடைத்துப் பார்க்கும் சோதனை முதல் சீலையே முதன்மையாகச் சோதிக்கிறது. நீரைத் தடுக்கும் சீல் பழுதா என்பதைக் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் சோதனைதான் காட்டும். "எண்ணெய் வெளியே ஒழுகவில்லை, ஆகவே சீல் நல்லது" என்ற முடிவு தவறாவது இதனால்தான்.

ஆயில் கூலர் சோதனை

கூலரைக் கழற்றி, எண்ணெய்ப் பக்கத் துளைகளில் ஒன்றை அடைத்து, மற்றொன்றில் கையேட்டு அளவுக்கு மிகாமல் காற்றடைத்து, நீர்த்தொட்டியில் மூழ்கவைக்க வேண்டும். கடல்நீர்ப் பக்கத் துளையிலிருந்து தொடர்ந்து குமிழி வந்தால் உட்குழாய் துளைபட்டது உறுதி. சில துளைகள் கூலர் சூடாக இருக்கும்போது மட்டுமே கசியும். எனவே வெந்நீரில் மூழ்கவைத்தும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பழுது நீக்கிய பின்

கசிவிடத்தைச் சரிசெய்யாமல் எண்ணெயை மாற்றுவது பயனற்றது. சரிசெய்த பின் எண்ணெயை ஒருமுறை மட்டும் மாற்றுவதும் போதாது. பற்களிலும் பேரிங்குகளிலும் கூலரிலும் குழாய்களிலும் பழைய பால்மம் ஒட்டியிருக்கும். புதிய எண்ணெய் ஊற்றி, சுமையின்றிச் சிறிது நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். வடித்தது தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வெளிப்பொருத்து இயந்திரத்தில் எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல் துளை வழியே குமிழியின்றி எண்ணெய் வழிந்ததும், முதலில் மேல் திருகையும் பிறகு கீழ்த் திருகையும் மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே அகப்பட்டு அளவு குறையும். வாசர் இரண்டும் புதியனவாக இருத்தல் வேண்டும்.

புதிய சீல் போட்டும் நீர் வந்தால் தண்டைப் பார்க்க வேண்டும். சீலின் உதடு உரசும் இடத்தில் விரல்நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், எத்தனை சீல் மாற்றினாலும் கசிவு நிற்காது. தண்டைச் செப்பனிடவோ மாற்றவோ வேண்டும். சரிசெய்த பின், முதல் நாள் ஓட்டத்துக்குப் பின்னும் ஒரு வாரம் கழித்தும் அடித்துளியை மீண்டும் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

மீன்பிடித் தடைக்காலமும் எண்ணெய்ச் சோதனையும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் இது சூன் 1 முதல் சூலை 31 வரை. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் வண்ணம் பூசுவதும் இந்நாள்களில் நடைபெறுகின்றன. கியர் பெட்டி எண்ணெயை மாற்றும் வேலை பெரும்பாலும் கடலுக்குத் திரும்பும் முன், கடைசி வாரத்துக்கு விடப்படுகிறது.

நீர்க்கலப்பைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. ஓடும் பெட்டியில் நீர் எண்ணெயோடு கடையப்பட்டு எங்கும் பரவியிருக்கும். நின்ற பெட்டியில் அது பிரிந்து, அடியில் உள்ள பேரிங்கின் மேல் இரண்டு மாதம் அசையாமல் தங்கும். ஓட்டத்தின்போது உண்டானதைவிடக் கூடுதலான துரு இந்த ஓய்வுக் காலத்தில் உண்டாகலாம். ஆகவே அடித்துளிச் சோதனையைத் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே செய்து, ஐயமிருந்தால் எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் நிரப்பிய பின்பே இயந்திரத்தை ஓய்வில் விட வேண்டும். கசிவைச் சரிசெய்யவும் உதிரிப்பாகம் வாங்கவும் அப்போது நாள் மிஞ்சியிருக்கும். தடை முடியும் நாளில் பழுதைக் கண்டுபிடிக்கும் உரிமையாளர் ஒன்று முதல் பயணத்தை இழக்க வேண்டும், அல்லது பழுதோடு கடலுக்குச் செல்ல வேண்டும்.

பழைய எண்ணெயைக் கையாளுதல்

வடித்த எண்ணெயைக் கடலிலோ மணலிலோ ஊற்றக் கூடாது. சிறிதளவு எண்ணெயும் நீர்ப்பரப்பில் பரந்த படலமாகப் பரவும். பயன்படுத்திய எண்ணெய் இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளுக்கு உட்பட்டது. மூடியுள்ள கலனில் சேர்த்து, பயன்படுத்திய எண்ணெயை முறையாக வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும். நீர் கலந்த எண்ணெயைத் துணியால் வடிகட்டி மீண்டும் கியர் பெட்டியில் ஊற்றுவது பயன் தராது. துணி தூசியைத் தடுக்கும், நுண்துளியாகக் கலந்த நீரையும் அதில் கரைந்த உப்பையும் தடுக்காது.